'தண்டவாளத்த தொடச்சியா?'

1

நம்முடைய கூட்டங்களில் தீர்மானம் உண்டு, விவாதம் உண்டு, வெளிநடப்பு உண்டு. எல்லாம் முடிந்து டீக்கடைக்குப் போன பிறகு நடக்கிற பேச்சுக்கு மட்டும் குறிப்பேட்டில் இடமில்லை. அதற்கு நாம் வைத்திருக்கும் பெயர் அரட்டை. கோபம் வந்தால் 'வெட்டிப் பேச்சு'. எழுத்துக்குக் கீழே பேச்சு, கருத்துள்ள பேச்சுக்குக் கீழே கருத்தில்லாத பேச்சு என்கிற இந்த அடுக்கை, மற்ற எல்லா அடுக்குகளையும் கட்டுடைக்கக் கிளம்பிய நாம் பத்திரமாக அப்படியே வைத்திருக்கிறோம்.

இந்தப் 'பயனற்ற' பேச்சைப் பற்றி முதலில் கவனமாக எழுதியவர் மானுடவியலாளர் மலினோவ்ஸ்கி. டிரோபிரியாண்ட் தீவுகளில் வாழ்ந்த அனுபவத்தை வைத்து 1923இல் அவர் சொன்னது இது: மனிதர்கள் பேசுவது செய்தி சொல்வதற்கு மட்டுமல்ல, கூடியிருப்பதற்காகவே பேசுகிற பேச்சு ஒன்று உண்டு. நம் ஊரில் 'சாப்பிட்டாச்சா?' என்று கேட்கிறவர் இலை போடுவதற்காகக் கேட்பதில்லை. பின்னால் 1960இல் யாகப்சன் இதை மொழியின் ஆறு செயற்பாடுகளில் ஒன்றாக வைத்தார். பேசுகிறவருக்கும் கேட்கிறவருக்கும் இடையிலான தொடர்பு அறுந்துவிடவில்லையே என்று சோதித்துக்கொள்ளும் செயற்பாடு அது. சேதி போவதற்கு முன்னால் வழி இருக்கிறதா என்று பார்ப்பது.

இந்தப் பேச்சின் அரசியலை யோசிப்பதற்கு, இருப்பதிலேயே உருப்படாதது என்று சொல்லத்தக்க ஓர் இடத்தை எடுத்துக்கொள்கிறேன்: இங்கிலாந்தில் குட்டி ரயில் கட்டுகிறவர்களின் பேச்சு. 'இதப் போயி எழுதுவாங்களா?' என்று நண்பர் ஒருவர் கேட்டார். எழுதலாம் என்றுதான் படுகிறது.

சில ஆண்டுகள் அங்கே இருந்தபோது, பள்ளிக்கூட அரங்குகளிலும் தேவாலயக் கூடங்களிலும் சனிக்கிழமைகளில் நடக்கும் கண்காட்சிகளுக்குப் போயிருக்கிறேன். அங்கே திரும்பத் திரும்பக் காதில் விழுந்த பேச்சு ஏறத்தாழ இப்படி. நம் வாய்க்கு ஏற்ற மாதிரி தருகிறேன்:

'வண்டி எப்பிடிப் போகுது?'

'அந்த வளைவுல மட்டும் நின்னு நின்னு போகுது.'

'தண்டவாளத்த தொடச்சியா?'

'நேத்துதான் தொடச்சேன்.'

'சக்கரத்த?'

'...'

'சக்கரத்த விட்டுட்டுத் தண்டவாளத்த மட்டும் தொடச்சு என்னய்யா ஆகப்போவுது? குடு, பாப்போம். டீ குடிச்சியா?'

இதில் என்ன இருக்கிறது? குட்டி ரயில் பெரும்பாலும் 12 வோல்ட் மின்சாரத்தில் ஓடுவது. அந்த மின்சாரம் தண்டவாளம் வழியாக வந்து சக்கரம் வழியாக மோட்டாருக்குள் போகிறது. இரண்டுக்கும் நடுவே தூசியோ எண்ணெய்ப் பிசுக்கோ சேர்ந்தால் தொடர்பு அறுந்து வண்டி நின்றுவிடும். ஆகவே எந்தக் கோளாறு என்றாலும் முதல் கேள்வி தொடைத்தாயா என்பதுதான். யாகப்சன் சொன்ன அதே 'தொடர்பு'. தொடர்பு இருக்கிறதா என்று சோதிக்கும் ஒரு பேச்சு, தொடர்பு இருக்கிறதா என்று சோதிப்பதைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறது. வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும் அவர்களுக்கு நடுவே ஏதோ ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது.

2

இவர்கள் தங்கள் மேசைமேல் உள்ளதை 'மாதிரி' என்கிறார்கள். ஊரில் ஓடுகிற நிஜ ரயிலுக்கு இவர்களின் வழக்கில் பெயர் 'முன்மாதிரி'. ஒரு நிமிடம் யோசித்தால் தலை சுற்றுகிறது. நிஜம் என்பது பிரதி செய்யப்படுவதற்காக முன்னரே போட்டு வைத்த ஒரு கச்சா வடிவம்! பூத்ரியாரைப் படித்தவர்கள் இங்கே துள்ளிக் குதிக்கலாம். மூலத்துக்கு முந்தியே நகல் வந்துவிட்டது, நிலத்துக்கு முந்தியே வரைபடம் வந்துவிட்டது என்று அவர் 1981இல் எழுதியதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

ஆனால் பேச்சைக் கேட்டால் விஷயம் அவ்வளவு சுலபமாக முடிவதில்லை. பிரிட்டனில் அதிகம் புழங்குகிற அளவு 'டபுள் ஓ'. ஓர் அடிக்கு 4 மில்லிமீட்டர் என்பது கணக்கு. அங்குள்ள நிஜத் தண்டவாளத்தின் அகலம் 4 அடி 8½ அங்குலம். இந்தக் கணக்குப்படி குட்டித் தண்டவாளம் 18.83 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். இருப்பதோ 16.5. அதாவது 4 அடி 1½ அங்குல அகலமுள்ள, உலகத்தில் இல்லாத ஒரு பாதையில் வண்டி ஓடுகிறது. காரணம் எளிது. ஐரோப்பாவில் வழங்கிய 3.5 மில்லிமீட்டர் கணக்குக்கு 16.5 சரியான அகலம். பிரிட்டிஷ் வண்டிகள் ஐரோப்பிய வண்டிகளைவிடச் சிறியவை. அந்தக் கணக்கில் செய்தால் அன்றைய மோட்டார்கள் உள்ளே அடங்கவில்லை. அதனால் வண்டியைப் பெரிதாக்கினார்கள், தண்டவாளத்தை அப்படியே விட்டுவிட்டார்கள். 1938இல் 'ஹார்ன்பி டப்லோ' சந்தைக்கு வந்தபோது இந்தக் கோணல் வீட்டுக்கு வீடு நிலைபெற்றது.

இந்தக் கோணலைத் தாங்க முடியாதவர்கள் 18.2 என்று ஒரு வழி கண்டார்கள். 1960களில் இன்னும் கறாரானவர்கள் 18.83க்கே போனார்கள். ஒவ்வொரு அளவுக்கும் தனிச் சங்கம் உண்டு. கறாரானவர்களுக்கு 'ரிவிட் எண்ணுகிறவர்கள்' என்று ஒரு கேலிப் பெயர். எதிர்த்தரப்புக்கு 'இது என் ரயில், என் இஷ்டம்' என்பதே முதல் விதி. பல பத்தாண்டுகளாக இந்தச் சண்டை நடக்கிறது. ஆனாலும் சனிக்கிழமை ஒரே கூடத்தில், பக்கத்துப் பக்கத்து மேசையில், 16.5காரரும் 18.83காரரும் வண்டி விடுகிறார்கள். ஒருவரின் பற்றவைப்புக் கோல் கெட்டுப்போனால் மற்றவர் தன்னுடையதைக் கொடுக்கிறார். இரண்டே கால் மில்லிமீட்டர் வித்தியாசத்துக்கு நாமாக இருந்தால் மூன்று பத்திரிகை தொடங்கியிருப்போம்.

பூத்ரியாரின் நகல் உலகத்தில் யாருக்கும் நகல் என்கிற நினைவே இருக்கக் கூடாது. இங்கோ அந்த நினைவே பேச்சின் எரிபொருள். பிழை எங்கே இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது, ஏன் வந்தது, அதோடு எப்படிக் காலம் தள்ளுவது என்பதைத்தான் வாரம்தோறும் பேசிக்கொள்கிறார்கள். எதார்த்தம் என்பது பொருளில் இல்லை, பொருளின் குறையைப் பற்றிய இந்தக் கூட்டுப் பேச்சில் இருக்கிறது என்று சொல்லத் தோன்றுகிறது. எதார்த்தவாதம் பற்றி நாம் எழுதிக் குவித்ததில் இது எங்கே இருக்கிறது?

3

இதுவரை சொன்னதைக் கேட்டு, ஏதோ சமத்துவ சங்கம் ஒன்றைக் கண்டுபிடித்து வந்திருக்கிறான் என்று நினைக்க வேண்டாம். பேச்சு சொல்வதைக் கேட்டாயிற்று. சொல்லாததையும் கேட்க வேண்டும்.

ஆக்ஸ்போர்ட்ஷயரில் லாங் விட்டன்ஹாம் கிராமத்தில் பெண்டன் என்று ஓர் அருங்காட்சியகம். தொடங்கியவர் ரோய் இங்லண்ட், ஆஸ்திரேலியாவில் பிறந்தவர். அந்த வட்டாரத்துக் கூரை வீடுகள் அழிவதைப் பார்த்து மனம் பொறுக்காமல் அவற்றை ஒவ்வொன்றாக அளந்து குட்டியாகக் கட்டத் தொடங்கினார். 1920கள், 30களின் கிராமமும் ரயிலும் அங்கே அசையாமல் நிற்கின்றன. 1963இல் பீச்சிங் அறிக்கை வந்தது. 2,363 ரயில் நிலையங்களையும் ஏறத்தாழ 5,000 மைல் பாதையையும் மூடலாம் என்றது. 1968 ஆகஸ்டில் பிரிட்டிஷ் ரயில்வேயின் வழக்கமான நீராவி வண்டிகளும் நின்றன. அரசு பிடுங்கிப்போட்ட கிளைப் பாதைகளை ஜனங்கள் பரணிலும் கார் கொட்டகையிலும் திரும்பப் போட்டார்கள். இழப்பின்மீது கட்டப்பட்ட கலை இது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

ஆனால் யாருடைய இழப்பு? மேசைமேல் உள்ள சிக்னல்காரர் சன்னல் ஓரத்தில் பசைபோட்டு ஒட்டப்பட்டிருக்கிறார். அவருக்குச் சம்பளம் இல்லை, பசி இல்லை, ஷிப்ட் முடிவதும் இல்லை. 'மேற்கு வட்டாரம், 1955 கோடை' என்பது போன்ற அட்டைகளைப் பல மேசைகளில் பார்த்திருக்கிறேன். அந்த 1955 மே கடைசியிலிருந்து ஜூன் நடுவரை 17 நாள், என்ஜின் ஓட்டுகிறவர்களின் சங்கமான அஸ்லெஃப் வேலைநிறுத்தம் செய்தது. வண்டி ஓடாத அந்த 17 நாளைக் கட்டிவைத்த ஒரு மேசையையும் நான் பார்த்ததில்லை. பார்வையாளர் காசு கொடுத்து வருவது வண்டி ஓடுவதைப் பார்க்கத்தானே என்பார்கள். சரிதான், முதலாளிகளும் அதையேதான் சொன்னார்கள்.

குழந்தைகளின் ரயில் கதைகளால் உலகப்புகழ் பெற்ற ஆட்ரி பாதிரியார் இந்த உலகத்து ஆள்தான்; தன் குட்டி ரயிலைக் கண்காட்சிகளுக்குக் கொண்டுபோனவர். 1950இல் வந்த அவருடைய புத்தகம் ஒன்றில் மூன்று பெரிய என்ஜின்கள் பெட்டி இழுத்து அடுக்கும் சில்லறை வேலையைச் செய்ய மாட்டோம் என்று மறுக்கின்றன. மேலாளர் என்ன செய்கிறார்? மூன்றையும் கொட்டகைக்குள் பூட்டிவிட்டு, புதிதாக ஒரு சின்ன என்ஜினை வாங்கி வேலைக்கு வைக்கிறார். கதவடைப்பும் கருங்காலியும் குழந்தைக் கதையில்! பொம்மைகள் குழந்தையைப் பெரியவர்களின் உலகத்துக்குப் பழக்கிவிடுகின்றன என்று ரோலான் பார்த் 1957இல் எழுதியது வெறும் பிரெஞ்சு விவகாரம் அல்ல.

இந்த மேசைகளில் கண்ணுக்குப் படாத ஒரு பகுதி உண்டு. பார்வையாளர் பக்கம் கிராமம், நிலையம், பாலம். கடைசியில் ஒரு குகை அல்லது மேம்பாலம். அதற்குள் நுழையும் வண்டி தடுப்புக்குப் பின்னால் ஒரு முற்றத்துக்குப் போகிறது. 'ஃபிடில் யார்ட்' என்பார்கள். லண்டன், துறைமுகம், சுரங்கம், மீதி உலகம் அத்தனைக்கும் அந்த ஒரு பலகைதான். அங்கே ஒரு கை வண்டியைத் தூக்கித் திருப்பி, பெட்டிகளை மாற்றி, மறுபடி வெளியே அனுப்புகிறது. காட்சி நடப்பதே அந்த மறைந்த உழைப்பால்தான். கருத்தியலுக்கு இதைவிட நல்ல வரைபடம் எனக்குத் தெரியாது. 1990களில் ஹார்ன்பி தன் உற்பத்தியை மார்கேட் நகரத்திலிருந்து சீனாவுக்குக் கொண்டுபோனது. அதன் பிறகு மெல்லிய கம்பி, நுணுக்கமான எழுத்து எல்லாம் கையால் ஒட்டப்பட்டு வந்தன. என்ஜின்கள் முன்னைவிட அழகாயின. பேச்சில் அது எப்படி வருகிறது? 'கப்பல் எப்ப வருதாம்?' 'வெல ஏறிப்போச்சுப்பா.' ஒட்டிய விரல்களைப் பற்றிப் பேச்சில்லை. உலகத்துக்கே ஒரு ஃபிடில் யார்ட் இருக்கிறது, தடுப்புக்குப் பின்னால்.

4

இங்கே நிறுத்திக்கொண்டால் கட்டுரை வசதியாக முடிந்துவிடும். கருத்தியல் அம்பலம், ஆளை விடு. அடோர்னோவும் இந்தப் பக்கம்தான் நிற்பார். 1969இல் ஓய்வு நேரம் பற்றிப் பேசியபோது தனக்குப் பொழுதுபோக்கு என்று எதுவும் கிடையாது என்றார். ஓய்வு என்பது உழைப்பின் நிழல் என்றார். ஆனால் இவர்களில் சிலர் வெறும் நிழலோடு விளையாடவில்லை. உழைப்பின் மொழியையே எடுத்து வைத்திருக்கிறார்கள்.

சில மேசைகளில் இரு முனைகளிலும் இருப்பவர்கள் வாயால் பேசுவதில்லை, மணியால் பேசுகிறார்கள். ஒரு தட்டு: கவனி. நான்கு தட்டு: விரைவு வண்டி வருகிறது, பாதை காலியா? எதிர்முனை அதே நான்கைத் திருப்பித் தட்டினால் சம்மதம். தட்டாவிட்டால் வண்டி அங்கேயே நிற்க வேண்டும். இரண்டு தட்டு: வண்டி உள்ளே வந்துவிட்டது. இரண்டு, ஒன்று: வெளியே போய்விட்டது. இது நிஜ சிக்னல் அறைகளின் மொழி. பிரிட்டிஷ்காரர் போட்ட நம் ரயில்வேயிலும் புழங்கிய மொழி. ஒரு பகுதிக்குள் ஒரு நேரத்தில் ஒரே வண்டி என்பது இதன் இலக்கணம். 1889 ஜூனில் அயர்லாந்தின் ஆர்மாவில், ஞாயிற்றுக்கிழமைப் பள்ளிக் குழந்தைகள் நிறைந்த சுற்றுலா ரயிலிலிருந்து கழற்றிவிடப்பட்ட பெட்டிகள் சரிவில் பின்னோக்கி உருண்டு, பின்னால் வந்த வண்டியில் மோதின. 80 பேர் செத்தார்கள். அந்த ஆண்டே வந்த சட்டம்தான் பயணி ரயில்களுக்கு இந்த முறையைக் கட்டாயமாக்க வழி செய்தது. அந்த மணிக்குள் செத்தவர்கள் இருக்கிறார்கள். ஓய்வுபெற்ற சிக்னல்காரர் ஒருவர் மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்று, 'தம்பி, அந்த ரெண்டு-ஒண்ண சீக்கிரம் தட்டிட்டே, வண்டியோட வால் விளக்கப் பாத்தியா மொதல்ல?' என்று கேட்கும்போது, பசைபோட்டு ஒட்டப்பட்ட அந்தப் பொம்மைக்கு வாய் வந்துவிடுகிறது. மேசை செய்யாததை அரட்டை செய்கிறது.

பக்கிங்ஹாம் என்கிற பெயரில் இந்த வட்டாரத்தில் புகழ்பெற்ற ரயிலைக் கட்டிய பீட்டர் டென்னியும் ஒரு பாதிரியார்தான். அவருடைய ரயில் மணியில் ஓடியது. எதிர்முனையில் மகன் கிறிஸ்பின் இருப்பான். மகன் இல்லாத நேரத்துக்காக அவர் ஓர் இயந்திரம் செய்தார். மணி அடித்தால் அது பதில் மணி அடிக்கும். அதற்கு வைத்த பெயர் 'தானியங்கி கிறிஸ்பின்'. இன்று இயந்திரங்களோடு மணிக்கணக்கில் பேசிக்கொண்டிருக்கிற நமக்கு அந்தப் பெயர் வேறு மாதிரிக் கேட்கிறது. அது நான்குக்கு நான்கு திருப்பித் தட்டும். ஆனால் 'அப்பா, டீ ஆறிப்போச்சு' என்று சொல்லாது. குறியீட்டு முறைக்கு வெளியே உபரியாக வழிகிற அந்த ஒன்றுதான் நான் பேசிக்கொண்டிருக்கும் அரட்டை. மகன் என்பவன் குறியீட்டில் இல்லை, உபரியில்தான் இருக்கிறான்.

உபரி சும்மாவும் கிடப்பதில்லை. அமெரிக்காவில் எம்.ஐ.டி.யின் குட்டி ரயில் சங்கம் 1946இல் தொடங்கியது. அங்கே மேசைக்கு மேலே அழகு பார்ப்பவர்கள் ஒரு கூட்டம்; மேசைக்குக் கீழே தொலைபேசித் துறையின் பழைய ரிலேக்களை வைத்துக் கம்பி இழுப்பவர்கள் இன்னொரு கூட்டம். கீழே படுத்துக் கிடந்தவர்களின் கேலிப் பேச்சில் புழங்கிய 'ஹேக்' என்கிற சொல், 1959இல் பீட்டர் சாம்சன் தொகுத்த சங்க அகராதியில் ஏறி, பிறகு கணினி உலகத்துக்கே போனது. தெரிந்ததை ஒளித்துவைக்காதே, அடுத்தவன் கேட்டால் சொல்லிக்கொடு என்கிற அறம் அந்த மேசைக்கடியில் உருவாகிப் பின்னால் கட்டற்ற மென்பொருள்வரை வந்து சேர்ந்தது. எந்தக் கட்சியும் தீர்மானம் போட்டு உருவாக்கவில்லை.

5

இந்தச் சிநேகத்துக்கு ஒரு வாசற்படி உண்டு. நான் போன கூடங்களில் தொண்ணூறு சதவீதம் ஆண்கள் என்று சொன்னால் பெண்களைக் கூட்டிச் சொன்னதாகிவிடும். பெண்கள் இருந்தது பெரும்பாலும் டீ, கேக் விற்கிற மேசைக்குப் பின்னால். 'வீட்டுல தெரியாம வாங்கினேன்' என்கிற ஜோக்கை ஒவ்வொரு முறையும் புதிதாகக் கேட்பது போலச் சிரிக்கிறார்கள். கறுப்பர்களும் நம்மவர்களும் அபூர்வம். யாரும் தடுக்கவில்லை, கனிவாகத்தான் பேசுகிறார்கள். ஆனால் 'இங்க அரசியல் வேண்டாமே' என்கிற கனிவு, யாருடைய அரசியல் ஏற்கனவே அந்த மேசைமேல் பச்சைப் புல்லாக ஒட்டப்பட்டிருக்கிறது என்பதை மறைக்கும் கனிவு.

இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டியிருக்கிறது. 2019 மே மாதம் ஸ்டாம்ஃபோர்டில் மார்கெட் டீப்பிங் சங்கத்தின் கண்காட்சிக்கு முந்தின இரவு, இளவயதுப் பையன்கள் சிலர் கூடத்துக்குள் புகுந்து எல்லாவற்றையும் மிதித்து நொறுக்கினார்கள். பல ஆண்டு உழைப்பு ஒரே இரவில் போயிற்று. 500 பவுண்டு கிடைத்தால் போதும் என்று வேண்டுகோள் விட்டார்கள்; ஒரு லட்சத்துக்கு மேல் வந்தது. குட்டி ரயில்காரரான பாடகர் ராட் ஸ்டூவர்ட் மட்டும் 10,000 கொடுத்தார். கொடுத்தவர்களில் மிகப் பலர் அந்த மேசைகளை ஒருநாளும் பார்த்திராதவர்கள். பிரகடனமோ அறைகூவலோ கிடையாது. நாற்பது ஐம்பது வருடமாகத் தொடைத்து வைத்திருந்த தண்டவாளத்தில் மின்சாரம் பாய்ந்தது, அவ்வளவுதான். அப்படி ஒன்று நம் பத்திரிகைகளில் ஒன்று மூடப்பட்டபோது பாய்ந்ததா?

நம்மிடம் மணிக் குறியீடு நிறைய இருக்கிறது. நான்கு தட்டு, இரண்டு தட்டு, விலக்கல் கடிதம். நம்மவர் பலர் விலகிப்போனது கோட்பாட்டினால் அல்ல. உடம்பு சரியில்லாமல் ஒரு மாதம் படுத்துக் கிடந்தபோது யாரும் வந்து 'எப்பிடிய்யா இருக்கே?' என்று கேட்காததால் என்று எனக்குத் தோன்றுகிறது. அவர்களிடம் தொடர்பு இருக்கிறது. தடுப்புக்குப் பின்னால் பார்க்கிற கண் இல்லை. நம்மிடம் அந்தக் கண் இருக்கிறது. தொடர்பு துருப்பிடித்துக் கிடக்கிறது. அரட்டையை ஒழித்து அரசியலைக் கொண்டுவருவது வேலையே அல்ல. சிக்னல்காரரின் சம்பளத்தையும், சீனத்துப் பெண்ணின் விரலையும், டீ மேசைக்குப் பின்னால் நிற்பவரின் அலுப்பையும் அதே கனிவான குரலில், அதே 'குடு, பாப்போம்' என்கிற தொனியில் பேச முடியுமா என்பதே கேள்வி. முடியாது என்று சொல்வதற்கு முன்னால் சக்கரத்தையும் ஒருமுறை தொடைத்துப் பார்க்கலாம்.